பூநகரிப் பக்கம் மின்னுது

சித்திரை பிறந்து பதினேழு நாள்.
ஐந்து சந்தியில் தார் இளகி
போகிறவர்களின் செருப்பைப் பிடித்துக்கொண்டு
விட மறுக்கிறது.

என் தையல் கடை மேல்மாடியில், கூரை சீற்.
மத்தியானத்துக்குப் பிறகு ஊசியும் சுடும்.
பள்ளிச் சீருடை முப்பத்தாறு,
சாமத்தியவீட்டுச் சட்டை ஒன்று,
எல்லாவற்றிலும் என் வியர்வை ஒரு சொட்டாவது இருக்கும்,
கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன்.
கிணறு கீழே கீழே போய் உப்பாகிவிட்டது.
தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போட்டாலும்
கடைசி மிடறில் கடல்.

நாலரைக்குத் தெற்கில் மேகம் கட்டும்.
ஒவ்வொரு நாளும் கட்டும்.
கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்தவர்கள் மாதிரி
சத்தமும் சண்டையுமாகக் கட்டி
ஒன்பது மணிக்கெல்லாம்
கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடும்.

பரந்தனிலிருந்து தயாநிதி எடுத்தாள்.
"இஞ்ச ஊத்துதடி."
குரலில் சந்தோசம் இல்லை,
வைக்கோல் நனையுதாம்.
"நம்பாட்டிக் கேள்" என்று
போனை முற்றத்துக்கு நீட்டினாள்.

ஸ்பீக்கரில் போட்டேன்.
பொத்தான் தைக்கிற புஷ்பமலரும்
கீழ்க்கடைப் பற்றறி அந்தோனிப்பிள்ளையும் நானும்
மேசைக்கு மேல் தலை முட்டக் குனிந்தோம்.
ஒரே இரைச்சல்.
"மீன் பொரிக்கிறாளோ?" என்றார் அந்தோனிப்பிள்ளை.
சிரிக்கவில்லை யாரும்.
காசு முடிந்து போன் செத்த பிறகும்
கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தோம்.

ஒன்றரை மணித்தியால பஸ் தூரம்.
மழைக்கு மட்டும்
ஆனையிறவில் இன்னமும்
அடையாள அட்டை கேட்கிறார்களோ?

எல்லோரும் கேட்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது.
நாவாந்துறையில் யோகராணியின் வளவு நிறையக் கருவாடு.
எதிர் வீட்டில் மேசன் ஜெயசோதி
இன்று பகல்தான் பிளேற் போட்டவன்.
அவன் தெற்கைப் பார்ப்பது
கடன்காரன் படலையில் நிற்பதைப் பார்க்கிற பார்வை.
பொலித்தீன் சுருளைத் தலைக்கு வைத்துக்கொண்டு
அங்கேயே படுத்திருக்கிறான்.

எட்டரைக்குக் கரண்ட் போனது.
பாயை எடுத்துக்கொண்டு
படிக்கட்டுக்கு மேலுள்ள சின்னத் தட்டுக்கு ஏறினேன்.
சீமெந்து உடம்பைப் பகல் விட்ட இடத்திலிருந்து
திரும்பவும் சுட்டது.

மின்னியது, பூநகரிப் பக்கம்.
எண்ணினேன்.
முப்பத்தொன்றில் சத்தம் வந்தது.
பத்துக் கிலோமீற்றர், கொஞ்சம் கூட.

இப்படி எண்ணப் பழகியது
மழைக்காக இல்லை.
அப்போது எண்ணிக்கை குறைந்தால்
பங்கருக்குள் இறங்குவோம்.
இப்போது
குறை, குறை என்று
வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

இருபத்தாறு.
இருபத்திரண்டு.
கால் விரல்கள் தாமாக மடங்குகின்றன,
அதுகளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.
பிறகு முப்பத்தைந்து.

"திரும்பிட்டுது" என்றான் ஜெயசோதி
இருட்டுக்குள் இருந்து,
என்னிடமா வானத்திடமா தெரியவில்லை.
அவனும் எண்ணியிருக்கிறான்.

பத்தரை இருக்கும்.
காற்று ஒன்று வந்தது.
முழுநாளும் வீசிய அந்த அடுப்பு மூச்சு இல்லை,
கடல்நீரேரிக்கு மேலால் வழி விசாரித்து வந்த
வேறு காற்று.
நனைந்த மண் மணத்தது,
யாருடைய முற்றத்து மண்ணோ.
சந்தி நாய் எழுந்து நின்றது.
வேம்பு ஒருமுறை புரண்டு படுத்தது.

முழங்கையில் ஒரு துளி.
பெரிது. சூடாகக்கூட இருந்தது.
துடைக்காமல் கையை நீட்டியபடி
அடுத்ததுக்கு நின்றேன்.

கொடியில் என் சட்டைகள், கட்டில் விரிப்பு,
நாளைக்குக் கடைக்கு உடுக்க வைத்திருக்கிற
ஒரே நல்ல சேலை.
புத்தியுள்ளவள் என்றால் ஓடிப்போய் எடுப்பாள்.
எடுத்தால் வராது.
கிடக்கட்டும் அப்படியே,
தூண்டிலில் புழு மாதிரி.

எதிர் வீட்டில்
பொலித்தீன் விரிபடுகிற சத்தம்.
அதன்மேல் டொக் என்று ஏதோ விழுந்தது.
மூச்சை அடக்கிக் கேட்கிறேன்.
துளியாக இருக்கலாம்.
அவன் ஓரத்துக்குக் கல் வைத்ததாகவும் இருக்கலாம்.